பெயருடையோரும் பெயரற்றோரும்: ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் கட்டியரும் குலச்சின்னமும்

1

இலக்கியகர்த்தாக்களின் வாழ்க்கைச் செய்திகளுட் சில திறனாய்வாளருக்குப் பெருஞ் சங்கடத்தை விளைவிப்பன. வில்லியம் ஷேக்ஸ்பியரின் குடும்பம் 1596 ஆம் ஆண்டில் குலச்சின்னம் பெற்ற செய்தி அத்தகையதொன்று. மன்னனையும் பிச்சைக்காரனையும் ஆடையணி களைந்து மனிதனாக மாத்திரமே காட்டவல்ல ஒரு கவிஞன், தன் தந்தைக்குக் கனவான் என்னும் தகுதியையும் கேடயத்தில் வரைதற்குரிய ஒரு சின்னத்தையும் பெற்றுக்கொடுக்க முயன்றமை எங்ஙனம் பொருந்தும் என்ற வினா நெடுங்காலமாகவே எழுப்பப்பட்டு வந்துள்ளது.

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. கவிஞன் எவ்வளவு பெரியவனாயினும் தன் காலத்து நடுத்தர வர்க்கத்தின் மேனிலையாக்க ஆசைகளுக்கு அப்பாற்பட்டவன் அல்லன் என்பர் ஒரு சாரார். வாழ்க்கை வேறு, படைப்பு வேறு. பத்திரங்களிலும் ஆவணங்களிலும் காணப்படும் ஸ்ட்ராட்போர்ட் நகரத்துச் சொத்துடைமையாளனை நாடகங்களின் ஆசிரியனோடு இணைத்துக் குழப்புதல் ஆகாது என்பர் மற்றொரு சாரார். மேலோட்டமாக நோக்குமிடத்து ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், இவ்விரு விடைகளும் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. குலச்சின்னம் என்பது தனிமனிதன் ஒருவனின் ஆசை சம்பந்தப்பட்ட விடயம் என்பதே அவ்வெடுகோள். ஆசைப்பட்டவனைப் பற்றிப் பேசும் திறனாய்வு, வழங்கியவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. வழங்கியோர் யாவர், எவ்வதிகாரத்தின்பேரில் வழங்கினர், வழங்கியவற்றை எவ்வாறு கண்காணித்தனர் என்பவை ஆராயப்படும்போதே நாடகங்களில் இவ்விடயம் பெறும் இடம் துலக்கமாகும். குலச்சின்ன நிறுவனத்தின் வாயிலில் மனுதாரராக நின்ற ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதாலேயே அந்நிறுவனத்தின் உள்ளியல்பை ஷேக்ஸ்பியர் நன்கறிந்திருந்தார் என்பதும், அவ்வறிவு மிக முழுமையாக வெளிப்படுவது *ஐந்தாம் ஹென்றி* நாடகத்திலே என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

2

ஈழத்து நாட்டுக்கூத்தில் அரசனின் வரவை முன்னறிவிக்கும் கட்டியக்காரன் தமிழ் வாசகர் நன்கறிந்த பாத்திரம். ஐரோப்பிய நிலமானிய சமுதாயத்தில் 'ஹெரல்ட்' எனப்பட்டோரின் தொடக்ககாலப் பணியும் ஏறத்தாழ இதுவே. ஆதலால் கட்டியர் என்ற சொல்லையே அவர்களுக்கு வழங்கலாம். வீர விளையாட்டுகளில் பொருதும் பிரபுக்களின் வரவையும் வெற்றியையும் அவர்கள் கூவியறிவித்தனர். போர்க்காலத்தில் இரு தரப்பினருக்குமிடையே தூது சென்றனர். கேடயங்களிலும் மேலங்கிகளிலும் பரம்பரைச் சின்னங்களைத் தீட்டும் வழக்கம் 12 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மேற்கு ஐரோப்பாவிற் பரவியது. சின்னத்தைக் கண்டு ஆளை இனங்காணுதல் கட்டியரின் தொழிலறிவாயிற்று. இனங்காணுதற்குக் குறிப்பேடு தேவைப்பட்டது. குறிப்பேட்டை வைத்திருந்தவர்கள் காலப்போக்கில் அதில் யாருடைய சின்னம் இடம்பெறலாம் என்பதைத் தீர்மானிப்போராகவும் மாறினர். அறிவிப்பாளன் பதிவாளனாகி, பதிவாளன் அதிகாரியான வரலாறே ஆங்கிலக் கட்டியரின் வரலாறு எனலாம்.

மூன்றாம் ரிச்சட் மன்னன் 1484 இல் இவர்களைக் கூட்டுத்தாபனமாக அமைத்துச் சாசனம் வழங்கினான். அவன் மறுவருடம் போர்க்களத்தில் மடிய, அவர்கள் தமது இல்லத்தை இழந்தனர். 1555 இல் மேரி அரசியின் ஆட்சியில் புதிய சாசனமும் இலண்டனில் ஓர் இல்லமும் அவர்களுக்குக் கிடைத்தன. இக்கட்டியர் கழகம் இன்றும் அதே நிலத்தில், 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின் கட்டியெழுப்பப்பட்ட மனையில் இயங்கி வருகின்றது. அதன் நிரந்தர உத்தியோகத்தர் பதின்மூவர்: தலைமைக் கட்டியர் மூவர், கட்டியர் அறுவர், இளநிலைக் கட்டியர் நால்வர். தலைமைக் கட்டியருள் முதல்வர் கார்ட்டர் எனப்படுவார். திரெண்ட் ஆற்றுக்குத் தெற்கிலுள்ள நாட்டுப் பகுதி கிளாரன்சூ என்பவருக்கும் வடக்கிலுள்ள பகுதி நொரோய் என்பவருக்கும் உரியன. இவர்கள் அனைவருக்கும் மேலாக ஏர்ள் மார்ஷல் என்னும் பிரபு மேற்பார்வை செலுத்துவார்.

இவர்களின் பணி இரு கூறுகளைக் கொண்டது. தகுதியுடையோருக்குப் புதிய சின்னம் வழங்குதல் ஒன்று. தகுதியற்றோர் சின்னம் தரிப்பதைத் தடுத்தல் மற்றொன்று. இரண்டாவது பணி 1530 முதல் 1680 கள் வரை மாவட்டச் சுற்றுலாக்கள் மூலம் நிறைவேற்றப்பட்டது. தலைமைக் கட்டியரோ அவரது பிரதிநிதியோ மாவட்டந்தோறும் சென்று, கனவான்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரை அழைத்து, அவர்களின் வம்சாவழியையும் சான்றுகளையும் பரிசோதிப்பர். உரிமையற்ற சின்னங்களை, அவை கல்லறையில் இருப்பினும் சாளரக் கண்ணாடியில் இருப்பினும், சிதைப்பதற்கு அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. உரிமையை நிறுவத் தவறியோர் கனவான்கள் அல்லர் எனப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டனர். சின்னம் பற்றிய பிணக்குகளை ஏர்ள் மார்ஷலின் வீரமரபு நீதிமன்றம் விசாரித்தது. அந்நீதிமன்றம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்தபின் 1954 இல் ஒருமுறை கூடியது. மான்செஸ்டர் மாநகரசபையின் சின்னத்தைத் தன் முத்திரையிலும் மேடைத் திரைக்கு மேலும் பயன்படுத்திய நிறுவனமொன்று அவ்வழக்கில் தோல்வி கண்டது. அந்நிறுவனம் ஓர் அரங்கு என்பது இக்கட்டுரைப் பொருளுக்குப் பொருத்தமானதொரு தற்செயல்.

இவ்விரு பணிகளுக்குமிடையே ஒரு முரண்பாடு உண்டு. கட்டியரின் வருவாய் அரச சம்பளத்தைவிடக் கட்டணங்களிலேயே பெரிதும் தங்கியிருந்தது. சின்னம் வழங்குந்தோறும் பணம் வந்தது. பிரபுக்களின் ஈமச் சடங்குகளை நடத்துந்தோறும் பணம் வந்தது. ஆகவே சின்னம் அருமையாக இருக்கவேண்டும் என்பதற்காகவும் அது அடிக்கடி வழங்கப்படவேண்டும் என்பதற்காகவும் ஒரே நிறுவனம் உழைக்கவேண்டியதாயிற்று. எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் கம்பளி வணிகராலும் சட்டத்தரணிகளாலும் நிலம் வாங்கிய உழவராலும் ஒரு புதிய செல்வந்த வர்க்கம் எழுந்தபோது இம்முரண்பாடு கூர்மையடைந்தது. சேர் தோமஸ் ஸ்மித் 1583 இல் வெளிவந்த தமது அரசியல் நூலில், கைத்தொழிலின்றி வாழவும் கனவானைப் போன்று செலவிடவும் வல்ல எவரும் அப்பெயரைப் பெறலாம் என்றும், கட்டியர் பணம் பெற்றுக்கொண்டு அவருக்குரிய சின்னத்தைப் பழம் பதிவேடுகளில் கண்டெடுத்ததாகக் காட்டி வழங்குவர் என்றும் எள்ளல் கலந்த நிதானத்துடன் எழுதினார். வம்சாவழியைக் கண்டுபிடித்தல் என்பது வம்சாவழியை ஆக்குதலின் மறுபெயராயிற்று.

3

இப்பகைப்புலத்திலேயே ஸ்ட்ராட்போர்ட் குடும்பத்தின் மனு நோக்கப்படவேண்டும். ஜோன் ஷேக்ஸ்பியர் கையுறை செய்து விற்றவர். 1568 இல் நகரத்தின் தலைமைப் பதவியை வகித்தவர். அக்காலத்தை ஒட்டி அவர் குலச்சின்னம் கோரி முதலில் முயன்றதாகக் கருதுவர். பின்னர் அவரது செல்வநிலை வீழ்ச்சியடைய, அம்முயற்சியும் கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின், மகன் இலண்டன் அரங்கிற் பொருளீட்டிய நிலையில் மனு மீளவும் எழுந்தது. 1596 ஒக்டோபர் 20 ஆம் திகதியிட்ட வரைவுகள் கட்டியர் கழகத்தில் இன்றும் உள்ளன. பொன்னிறக் கேடயம்; அதன் குறுக்கே சாய்வாகச் செல்லும் கரும்பட்டை; பட்டையின்மீது வெள்ளி முனையுடைய ஈட்டி; முடிமேல் ஈட்டியேந்திச் சிறகு விரித்த வெள்ளி வல்லூறு. ஈட்டி குடும்பப் பெயரின் பிற்பகுதியைச் சுட்டும் சிலேடை. ஏழாம் ஹென்றிக்கு ஆற்றிய சேவைக்காக முன்னோர் பரிசு பெற்றனர் என்பது காரணமாகக் கூறப்பட்டுள்ளது. அத்தகைய பரிசைப் பற்றிய பதிவு எதுவும் அகப்படவில்லை.

சின்னத்தோடு எழுதப்பட்ட பிரெஞ்சு வாசகம், உரிமையில்லாமல் இல்லை எனப் பொருள்படுவது. வரைவை எழுதிய எழுதுவினைஞர் முதற் சொல்லின் பின் தவறுதலாகக் காற்புள்ளி ஒன்றை இட்டுவிட்டார். அதனால் வாசகத்தின் பொருள் தலைகீழாகி, இல்லை, உரிமையில்லை என்றாயிற்று. பின்னர் அது திருத்தப்பட்டது. உரிமைக்கும் உரிமையின்மைக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு காற்புள்ளியின் அளவே என்பதை அந்த எழுதுவினைஞர் கருதாமலே காட்டிவிட்டார்.

கவனிக்கத்தக்க இன்னொரு செய்தி உண்டு. கவிஞரின் ஒரே மகனான ஹம்னெட் பதினொரு வயதில் இறந்து, 1596 ஓகஸ்ட் 11 இல் அடக்கம் செய்யப்பட்டான். பரம்பரைச் சின்னம் வந்து சேர்ந்தபோது அதனைத் தந்தைவழியிற் கொண்டுசெல்ல வேண்டிய பிள்ளை மண்ணில் இருந்தான்.

மூன்று ஆண்டுகளின் பின், தாய்வழிக் குடும்பமாகிய ஆர்டன் குலத்தின் சின்னத்தையும் இணைத்துக்கொள்ளும் வரைவொன்று எழுதப்பட்டது. கட்டியர் முதலில் ஆர்டன் குலத்தின் ஒரு கிளைக்குரிய சின்னத்தை வரைந்து, அதனை அடித்துவிட்டு, வேறொரு கிளையின் சின்னத்தை வரைந்துள்ளனர். எந்த முன்னோரிலிருந்து ஒருவர் தோன்றினார் என்பது ஒரு பேனாக் கோட்டில் மாறக்கூடியதாக இருந்தது. அவ்விணைப்புப் பயன்படுத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

1602 இல் கழகத்தினுள்ளேயே பூசல் வெடித்தது. யோர்க் கட்டியராயிருந்த ரால்ப் புரூக், கார்ட்டர் பதவியிலிருந்த வில்லியம் டெதிக் இழிந்தோர்க்குச் சின்னம் வழங்கினார் எனக் குற்றஞ்சாட்டி 23 பெயர்களைப் பட்டியலிட்டார். நான்காவது பெயர் ஷேக்ஸ்பியருடையது. அவரது சின்னத்தின் வரைபடத்தின் கீழ் நடிகன் என்ற அடைமொழி எழுதப்பட்ட பிரதி வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கின்றது. அவ்வாறே நடிகரின் பெயரோடு சின்னத்தைக் குறிக்கும் வேறு பதிவுகளையும் அந்நூலகத்தின் கையெழுத்துப் பிரதிக் காப்பாளர் ஹெதர் வுல்ஃப் 2016 இல் வெளிப்படுத்தினார். தந்தையின் பெயரில் வழங்கப்பட்டதாயினும் அது நடிகனின் சின்னம் என்றே கட்டியர் வட்டாரத்தில் அறியப்பட்டது என்பதற்கு இவை சான்றாகும். பிரபு ஒருவரின் ஆதரவு பெறாத நடிகரை நாடோடிக் கயவரோடு சேர்த்து எண்ணிய சட்டம் 1572 இல் இயற்றப்பட்டிருந்ததை நினைவுகூர்ந்தால், அச்சொல்லின் கனம் விளங்கும். ஷேக்ஸ்பியரின் குழுவைச் சேர்ந்த ஒகஸ்டீன் பிலிப்ஸ், தோமஸ் போப் ஆகிய நடிகர்களும் தம் பெயரையொத்த பிரபுக்களின் சின்னங்களைச் சூடிக்கொண்டனர் என்று வேறொரு கட்டியர் முறையிட்டதுண்டு.

டெதிக்கும், அப்போது கிளாரன்சூ பதவியிலிருந்த வில்லியம் கம்டனும் அளித்த மறுமொழி, குற்றச்சாட்டைவிடக் கூடுதலாகவே நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கின்றது. ஜோன் ஸ்ட்ராட்போர்ட்டில் நீதிபரிபாலனம் செய்தவர்; ஆர்டன் குலத்து உரிமைப் பெண்ணை மணந்தவர்; பொருள்வசதி படைத்தவர் என்பன அவர்கள் கூறிய நியாயங்கள். பதவி, திருமணம், பணம் என்ற மூன்றையும் எடுத்துக்கூறியவர்கள், ஏழாம் ஹென்றியிடம் பரிசு பெற்ற முன்னோரை அங்கே நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை. தகுதியைப் பணம் தீர்மானிக்கின்றது என்பதில் இரு தரப்பினருக்கும் பிணக்கில்லை. யாருடைய பணம், யாருடைய பேனா என்பதே பிணக்கு. இதே கம்டன் 1605 இல் வெளியிட்ட நூலில் தம் காலத்துச் சிறந்த கவிஞருள் ஒருவராக ஷேக்ஸ்பியரைப் பெயர் சுட்டிக் கூறியமையும் மனங்கொள்ளத்தக்கது. கட்டியர் என்ற நிலையில் அவர் காக்க நேர்ந்தது கையுறை வணிகரின் சொத்து மதிப்பை. வாசகர் என்ற நிலையில் அவர் மதித்தது வேறொன்றை.

புரூக்கின் பிற்கால வரலாறு இப்பூசலின் இயல்பைத் தெளிவாக்குகின்றது. டெதிக்கின் பின் கார்ட்டரான வில்லியம் சீகரை அவமதிக்க விரும்பிய அவர், 1616 இல் சூழ்ச்சியொன்று செய்து, இலண்டன் நகரத்து அலுகோசுக்கு அரச குலமொன்றின் சின்னத்தை சீகர் கையாலேயே உறுதிப்படுத்துவித்தார். ஆள் யாரென்று விசாரியாமலே சீகர் ஒப்பமிட்டிருந்தார். இருவரும் சிறையிடப்பட்டனர். நடிகனுக்குச் சின்னமா எனக் கொதித்தவர் தூக்குமேடைக்காரனுக்கு அரச சின்னம் வாங்கிக் கொடுத்தார் என்றால், அவர் காக்க முற்பட்டது குலத்தின் தூய்மையை அன்று என்பது வெளிப்படை.

4

இச்செய்திகள் அரங்கிற்கு வெளியே நிகழ்ந்தவை மாத்திரமல்ல. பென் ஜொன்சனின் அங்கத நாடகமொன்றில் சொக்லியார்டோ என்ற நாட்டுப்புறச் செல்வன், முப்பது பவுண் கொடுத்துச் சின்னம் வாங்கி வந்து, தான் கனவானாகிவிட்டதாக மார்தட்டுகிறான். தலையற்ற காட்டுப்பன்றி அவனது முடிச்சின்னம். அதற்கேற்ற வாசகமாகக் கடுகு இல்லாமல் இல்லை என்ற பொருளில் ஒன்றை நண்பன் முன்மொழிகின்றான். இது ஷேக்ஸ்பியரின் வாசகத்தைக் கேலிசெய்வதே எனப் பலர் கருதுவர். அதனை மறுப்போரும் உளர். எவ்வாறாயினும் 1599 இல் அந்நாடகத்தை நடித்தது ஷேக்ஸ்பியர் பங்காளராயிருந்த குழுவே. சின்னம் வாங்குவோரைப் பார்த்து அவையோர் சிரித்த சிரிப்பில் அவருக்கும் பங்குப்பணம் கிடைத்தது.

ஆனால் ஜொன்சனின் அங்கதம் வாங்குபவனோடு நின்றுவிடுகின்றது. உண்மையான கனவான் ஒருவன் இருக்கிறான், சொக்லியார்டோ போலி என்பதே அதன் உட்கிடை. அவ்வகையில் அது புரூக்கின் குற்றச்சாட்டோடு உறவுடையது. ஷேக்ஸ்பியர் இதனினும் ஆழமாகச் செல்கின்றார். *இரண்டாம் ரிச்சட்* நாடகத்தில் போலிங்புரூக், தன் இல்லத்துச் சாளரங்களிலிருந்த குலச்சின்னங்களைப் பகைவர் பெயர்த்தெறிந்துவிட்டதாகக் குமுறுகின்றான். தான் கனவான் என்பதற்கு மாந்தரின் மதிப்பீடும் தன் உயிர்க்குருதியுமன்றி வேறு அடையாளம் எஞ்சவில்லை என்பது அவன் முறையீடு. மன்னனாகப்போகும் ஒருவனுக்கே கண்ணாடியில் தீட்டிய ஓவியம் இவ்வளவு இன்றியமையாததாயிருப்பின், சின்னம் உள்ளிருக்கும் உயர்வின் வெளித்தோற்றம் என்ற கொள்கை அங்கேயே ஆட்டங்காணத் தொடங்கிவிடுகின்றது.

*நான்காம் ஹென்றி* முதற் பாகத்தில் அது மேலும் தகர்கின்றது. களத்தில் மன்னனின் அங்கியணிந்த பலர் உலவுகின்றனர். டக்ளஸ் ஒவ்வொருவராகக் கொன்று, ஒவ்வொரு முறையும் மன்னனைக் கொன்றதாக எண்ணி ஏமாறுகிறான். ஆளை இனங்காணப் பிறந்த சின்னம் ஆளை மறைக்கும் கருவியாகின்றது. அதே களத்திற்குச் செல்லுமுன் போல்ஸ்ராவ், மானம் என்பது வெறும் ஈமச் சின்னத்தட்டி என்று முடிவுகட்டுகின்றான். பிரபுக்களின் சவ ஊர்வலத்திற் கட்டியர் ஏந்திச்செல்லும் வரைபடத்தையே அவன் கருதுகின்றான். கட்டியருக்குப் பெரும் வருவாய் தந்த சடங்கு அது என்பதை அறிந்த அவையோருக்கு அந்நகைச்சுவையின் கூர்மை இரட்டித்திருக்கும். இந்நாடகம் எழுதப்பட்ட காலம், குலச்சின்ன வரைவு எழுதப்பட்ட 1596 ஐ ஒட்டியது.

5

ஆயினும் கட்டியரின் பணி இன்னதென முழுமையாகக் காட்டப்படுவது 1599 ஆம் ஆண்டிற்குரிய *ஐந்தாம் ஹென்றி*யிலேயே. அஜின்கோர்ட் போருக்குமுன் மன்னன் நிகழ்த்தும் உரை புகழ்பெற்றது. அன்று தன்னோடு குருதி சிந்துபவன் தன் சகோதரன் என்றும், அவன் எவ்வளவு கீழ்ப்பட்டவனாயினும் அந்நாள் அவன் நிலையைக் கனவானின் நிலைக்கு உயர்த்தும் என்றும் அவன் வாக்களிக்கின்றான். இது கவிதை மிகையுணர்ச்சி மாத்திரமன்று. வரலாற்றில் இதற்கோர் எதிரொலி உண்டு. 1415 இல் அப்போரில் வென்ற மன்னன், முன்னோர் உரிமையோ தகுந்த அதிகாரியின் வழங்கலோ இன்றி எவரும் குலச்சின்னம் தரித்தல் கூடாது என 1417 இல் மாவட்ட அதிகாரிகளுக்குக் கட்டளையனுப்பினான். அஜின்கோர்ட்டில் தன்னோடு ஆயுதந் தாங்கியோருக்கு அக்கட்டளையில் விலக்களிக்கப்பட்டது. அவ்விலக்கு எத்துணை பேரைக் குறித்தது என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுவர். சின்னத்தை ஒழுங்குபடுத்திய தொடக்ககால ஆணைகளுள் ஒன்று, நாடகத்தின் வாக்குறுதியை நிழலாகத் தாங்கி நிற்கின்றது என்பதே இங்கு முக்கியம்.

அவ்வாக்குறுதி நாடகத்தில் என்னவாகின்றது? அதே உரையிலேயே எதிர்காலம் நினைவுகூரும் பெயர்கள் எனப் பட்டியலிடப்படுவோர் மன்னனும் பிரபுக்களுமே. சாதாரண வீரன் தன் விழுப்புண்ணைக் காட்டி, பிரபுக்களின் பெயர்களைச் சொல்லி மகிழ்வான் என்றே உரை கூறுகின்றது. அவன் பெயரை எவர் சொல்வர் என்று கூறவில்லை. போர் முடிந்ததும் பிரெஞ்சுக் கட்டியனான மொன்ட்ஜோய் வருகின்றான். இறந்தோரைப் பதிவுசெய்யவும், தம் பிரபுக்களைப் பொதுமக்களின் பிணங்களிலிருந்து பிரித்தெடுக்கவும் அவன் அனுமதி கோருகின்றான். இளவரசர் பலர் கூலிப்படையினரின் இரத்தத்தில் தோய்ந்து கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. குருதி கலந்துவிட்டது, அதனைப் பிரித்தறிவது கட்டியனின் கடமை. குருதியாற் சகோதரராக்கிய மன்னனின் சொல்லுக்கு நேரெதிராக இக்கடமை நிற்கின்றது.

அடுத்த காட்சியில் ஆங்கிலக் கட்டியன் மன்னனிடம் எண்ணிக்கைத் தாளைக் கொடுக்கின்றான். பிரெஞ்சுத் தரப்பில் 10,000 பேர்; கொடியுரிமை பெற்ற பிரபுக்கள் 126; நைட் பட்டத்தாரும் கனவான்களும் 8,400; கூலிப்படையினர் 1,600 மாத்திரம். ஆங்கிலத் தரப்பில் யோர்க் கோமகன், சஃபோக் பிரபு, சேர் ரிச்சட் கெட்லி, டேவி காம் என்ற நால்வர், பெயருடையோர் வேறெவருமில்லை, ஏனையோரில் இருபத்தைவர். இவ்வெண்களையும் நால்வரின் பெயரையும் ஷேக்ஸ்பியர் ஹொலின்ஷெட்டின் வரலாற்றிலிருந்து பெற்றார். ஆனால் பெயருடையோர் வேறெவருமில்லை என்ற தொடருக்கு நிகரானது அவ்வரலாற்றில் இல்லை. ஏனையோர் இருபத்தைவருக்கு மேலில்லை என்பதோடு அது அமைகின்றது. பெயர் என்னும் சொல்லை அவ்விடத்திற் புகுத்தியவர் நாடகாசிரியரே.

சிறிய சேர்க்கைதான். ஆயினும் அது ஒரு நிறுவனத்தின் முழு இலக்கணத்தையும் ஒரு தொடரில் அடக்கிவிடுகின்றது. அந்த இருபத்தைவருக்கும் பெயர் இருந்தது. தாயும் தந்தையும் இட்ட பெயர், தோழர் அழைத்த பெயர். தாளில் எழுதத்தக்க பெயர்தான் இல்லை. முதல் நாள் இரவு அவையோர் சந்தித்த சாதாரண வீரர்களுக்கும் பெயர் உண்டு: பேட்ஸ், கோர்ட், வில்லியம்ஸ். போரின் நியாயம் பிழைக்குமாயின் வெட்டுண்ட கைகால்கள் எல்லாம் திரண்டு மன்னனிடம் கணக்குக் கேட்கும் என்று மாறுவேடத்திலிருந்த மன்னனிடமே வாதாடியவன் வில்லியம்ஸ். அவன் உயிர்தப்புகின்றான். மன்னன் அவனது கையுறை நிறையப் பொற்காசு இடச் செய்கின்றான். காசு கிடைக்கின்றது, நிலையுயர்வு பற்றிய பேச்சு எழவில்லை. இன்னொருவன் நீட்டும் பன்னிரண்டு பென்சை வில்லியம்ஸ் வேண்டாம் என்று மறுக்கின்றான். கட்டியர் கழகத்தின் வாயிலில் பணம் கனவானை ஆக்கிய காலத்தில், போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைத்தவன் பணம் மாத்திரமே பெற்றுத் திரும்புகின்றான் என்ற முரண் வலிந்து கூறப்படாமலே நிலைபெறுகின்றது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். மன்னனின் வெற்றியை இறைவனுக்கு உரிமையாக்கிப் போற்றும் காட்சியில் இத்தகைய விமரிசனத்தைக் காண்பது வலிந்து பொருள்கொள்வதாகாதா? காட்சியின் மேற்பரப்பு போற்றுதலே என்பதை மறுப்பதற்கில்லை. இருபத்தைவர் என்ற எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு அற்புதம் பெரிதாகின்றது. ஆயினும் மொன்ட்ஜோயின் கோரிக்கையையும் மன்னனின் வாக்குறுதியையும் வில்லியம்ஸின் வாதத்தையும் ஒரே நாளின் நிகழ்ச்சிகளாக அடுத்தடுத்து வைத்தபின், அந்தத் தொடரை ஒலிக்கச் செய்வது வெறும் தற்செயலாகாது. நாடகம் மன்னனை மறுக்கவில்லை. மன்னனின் சொல்லையும் கட்டியனின் தாளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கச் செய்து, பொருந்தாமையை அவையோரிடமே விட்டுவிடுகின்றது.

6

தன் குடும்பத்தின் நிலையையும் ஷேக்ஸ்பியர் இவ்விசாரணையிலிருந்து விலக்கிவைக்கவில்லை. சின்னம் தந்தையின் பெயரில் வழங்கப்பட்டமையால் மகன் பிறப்பிலேயே கனவானாகிவிடும் வாய்ப்பு ஏற்பட்டது. முதல் தலைமுறையின் புதுமை இவ்வாறு மறைக்கப்பட்டது. *லியர் அரசன்* நாடகத்திற் கோமாளி, தன் மகன் தனக்கு முன்னரே கனவானாவதைக் காணும் சிறுநில உழவனைப் பைத்தியக்காரன் என்கின்றான். 1610 ஐ ஒட்டி எழுதப்பட்ட *பனிக்காலக் கதை*யில் இவ்வேடிக்கை ஒரு காட்சியாகவே விரிகின்றது. திடீரென உயர்வு பெற்ற இடையனின் மகன், தந்தைக்கு முன்னரே தான் பிறவிக் கனவானாகிவிட்டதாகவும், கடந்த நான்கு மணித்தியாலங்களாக அவ்வாறிருப்பதாகவும் பெருமைப்படுகின்றான். கனவானுக்குரிய முதற் கண்ணீரைத் தாங்கள் சிந்தியதாகவும் கூறுகின்றான். பிறவிக் கனவான் என்பது பின்னோக்கி எழுதப்படும் பிறப்பு என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது. ஜொன்சன் தன் பாத்திரத்தை வெறுத்தார். ஷேக்ஸ்பியரின் இடையன் வெறுக்கப்படுவதில்லை. அவன் கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்த்தவன். கனவானாவதற்கு முன்பே அவன் செய்த நற்செயல் அது.

ஆயினும் இக்காட்சியின் எல்லையும் சுட்டப்படவேண்டும். சிரிப்பு கனிவானதாக இருப்பதனாலேயே அது நிறுவனத்தைத் தப்பவிட்டுவிடுகின்றது. *பனிக்காலக் கதை*யில் உயர்த்துபவர் மன்னர், உயர்த்தப்படுபவர் மகிழ்கின்றனர், தாளில் எழுதப்படாதவர் எவரும் மேடையில் இல்லை. *ஐந்தாம் ஹென்றி*யிலோ எழுதப்படாத இருபத்தைவர் இருக்கின்றனர். மனுவில் வெற்றிபெற்றவனின் நகைப்பு முன்னையதிலும், மனுச் செய்யவே வழியற்றவனின் மௌனம் பின்னையதிலும் உள்ளன. பின்னையதே கலைப்பெறுமதியில் உயர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

7

ஷேக்ஸ்பியர் 1616 இல் மறைந்தார். ஸ்ட்ராட்போர்ட் தேவாலயத்திலுள்ள அவரது நினைவுச்சின்னத்தின் உச்சியில் ஈட்டியும் வல்லூறும் கொண்ட குலச்சின்னம் செதுக்கப்பட்டுள்ளது. அவரது நேர்ப் பரம்பரை 1670 இல் பேத்தி எலிசபெத்தின் மரணத்தோடு முடிவுற்றது. கட்டியர் வழங்கிய பெயர் எழுபத்துநான்கு ஆண்டுகளே அக்குருதியில் நிலைத்தது. நடிகன் என்று இகழப்பட்ட பெயர் இன்றும் நிலைக்கின்றது. இதனைக் கொண்டு கலை நிறுவனத்தை வென்றது என்று மகிழ்ந்து அமைவது எளிது. ஆனால் அவ்வாறு அமைவது நாடகம் எழுப்பிய வினாவை மறப்பதாகும். ஷேக்ஸ்பியர் தன் பெயரை நிலைநாட்டினார். அந்த இருபத்தைவரின் பெயர்கள் இன்றும் எவருக்கும் தெரியா.

இவ்வினா திறனாய்வுத் துறையையும் தொடுவது. இலக்கிய வரலாறு எழுதுவோரும் ஒருவகையிற் கட்டியரே. அவர்களும் பட்டியலிடுகின்றனர், மரபுரிமை வழங்குகின்றனர், இன்னார் இன்னாரின் வழித்தோன்றல் என வம்சாவழி வகுக்கின்றனர், உரிமையற்றோர் என்று சிலரைப் பகிரங்கமாக விலக்குகின்றனர். தமிழில் இப்பட்டியல்கள் பெரும்பாலும் முதலியோர் என்ற சொல்லோடு முடிவடைகின்றன. கட்டியனின் தாளில் பெயருடையோர் வேறெவருமில்லை என்ற தொடர் செய்த பணியை இங்கு அச்சொல் செய்கின்றது. பட்டியலின்றி வரலாறு எழுதவியலாது. எல்லாப் பெயர்களையும் எழுதவும் இயலாது. ஆனால் தாளில் இல்லாதவர் பெயரற்றவர் என்று கொள்வது வேறு. தாள் அவர் பெயரைக் கேட்கவில்லை என்று அறிவது வேறு. இரண்டாவது அறிவே திறனாய்வை ஆவணக் காப்பிலிருந்து வேறுபடுத்துவது.

குலச்சின்னம் வாங்கிய கவிஞன் அச்சின்னத்துக்கு உடந்தையானவன் என்று கூறுவதில் தவறில்லை. உடந்தையானவனே உட்புறத்தை அறிவான். பட்டியலில் தன் தந்தையின் பெயரை எழுதுவித்த மூன்று ஆண்டுகளுள், பட்டியலில் எழுதப்படாதோரை மேடையில் எண்ணிக்காட்டியமையே ஷேக்ஸ்பியரின் நேர்மை. அவரது வாழ்க்கையையும் நாடகங்களையும் பிரித்துவைப்போரும், வாழ்க்கையைக்கொண்டு நாடகங்களைச் சிறுமைப்படுத்துவோரும் தவறவிடுவது இந்நேர்மையையே.